பாட்டிலில் இருக்கும் ஈ வேறு, குப்பையில் இருக்கும் ஈ வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிள்ளைகள் கும்பிடுபூச்சி வளர்ப்பதையும், அதன் தீனிக்காக வீட்டுக்குள்ளேயே ஈ வளர்ப்பதையும் கண்டித்து உங்கள் வாசகர் பகுதியில் ஒரு கடிதம் வந்திருந்தது. இது நோயைக் கூப்பிட்டு வீட்டில் உட்கார வைக்கும் வேலை, சுகாதார அதிகாரிகள் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று அதை எழுதியவர் கேட்டிருந்தார். அவர் கோபம் புரிகிறது. ஈ என்றாலே யாருக்கும் முகம் சுளிக்கும். ஆனாலும் அவர் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. எது எந்தப் பாதி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். வடசென்னைக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மரபியல் செய்முறை வகுப்புக்கு ஈ வேண்டும் என்றால் பேராசிரியர் என்னைத்தான் கூப்பிடுவார். ஊரெல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, நான் ஈக்குக் கஞ்சி காய்ச்சிச் சம்பளம் வாங்கியவன். இப்போது எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்காக அதே கஞ்சியை வீட்டு அடுப்பில் காய்ச்சுகிறேன். ஆக, அந்த வாசகர் யார் மேல் நடவடிக்கை கேட்கிறாரோ அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

முதலில், எந்த ஈ என்று பார்க்க வேண்டும். சாக்கடையில் உட்கார்ந்துவிட்டு நேரே வந்து நம் சோற்றில் உட்காருவது வீட்டு ஈ. அதற்குக் கடித்துத் தின்ன வாய் கிடையாது. எச்சிலைக் கக்கி, கரைத்து, உறிஞ்சும். ருசி பார்ப்பதே காலால்தான். அதனால்தான் டைபாய்டு, காலரா, சீதபேதிக் கிருமிகளை இடம் விட்டு இடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்த வாசகர் பயப்படுவது இந்த ஈக்கு. ஆனால் கும்பிடுபூச்சிக் குஞ்சுக்குத் தீனியாகப் பிள்ளைகள் பாட்டிலில் வளர்ப்பது பெரும்பாலும் பழ ஈ. கனிந்த வாழைப்பழத்தை இரண்டு நாள் மேசையில் வைத்தால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, சிவப்புக் கண்ணோடு, எள் அளவு, அதுதான். அதன் சாப்பாடு புளித்த பழத்தில் வளரும் ஈஸ்ட். உலகம் முழுக்க நூறு வருஷத்துக்கும் மேலாக ஆய்வகங்களில் வளர்க்கிறார்கள். தாமஸ் ஹன்ட் மார்கன் 1910-இல் வெள்ளைக் கண்ணோடு பிறந்த ஒரு ஆண் ஈயை வைத்துத்தான் பரம்பரைக் குணங்கள் குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார், 1933-இல் நோபல் பரிசும் வாங்கினார். அவர் ஈ வளர்த்தது பால் பாட்டிலில், வாழைப்பழம் போட்டு. அப்புறம் நம் ஊர்க் கல்லூரிகளுக்கும் அது வந்து சேர்ந்தது. தவளையையும் கரப்பானையும் அறுப்பது நின்றுபோன பிறகு, பல ஆய்வகங்களில் பிள்ளைகள் உயிரோடு பார்க்கும் பிராணி இந்த ஈ ஒன்றுதான்.

சரி, கும்பிடுபூச்சிக்கு ஏன் ஈ? வேறு எதையாவது போடக் கூடாதா என்று எங்கள் கீழ்வீட்டு அம்மாவும் கேட்டார். போட்டால் தின்னாது. அசைவதை மட்டும்தான் அது இரையாகப் பார்க்கும். செத்துக் கிடக்கும் ஈயை முன்னால் வைத்தாலும் கண்டுகொள்ளாது.

எங்கள் வீட்டுப் பின்கட்டு முருங்கையில் ஒரு முட்டைக்கூடு இருந்தது. நுரை காய்ந்து இறுகினதுபோல் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்தவர்கள் பிசின் என்றே நினைப்பார்கள். பேத்தி கிளையோடு ஒடித்துக் கொண்டுவந்து பெரிய கண்ணாடி ஜாடியில் வைத்துவிட்டாள். பச்சை நிறப் பெரிய கும்பிடுபூச்சியின் கூடு ஒன்றிலிருந்து நூற்றுக்கு மேல் குஞ்சு வரும். ஒருநாள் காலை ஜாடிக்குள் நூல் நூலாகத் தொங்கிக்கொண்டு அவ்வளவும் வந்துவிட்டன. "தாத்தா, இதுங்களுக்கு என்ன குடுக்கிறது?" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஒவ்வொன்றும் விரல் நகத்தைவிடச் சின்னது. இந்த அளவு வாய்க்கு வீட்டு ஈ பெரிது, எறும்போ திருப்பிக் கடிக்கும். பழ ஈதான் சரியான கவளம். தீனி தாமதமானால் ஒன்றை ஒன்று தின்ன ஆரம்பித்துவிடும். அதில் அண்ணன் தம்பி கணக்கெல்லாம் இல்லை. பெரும்பாலானவற்றை மறுபடி முருங்கையிலும் செம்பருத்தியிலும் விட்டுவிட்டு, கொஞ்சத்தை மட்டும் தனித்தனி டப்பாவில் வைத்துக்கொண்டோம். பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதைத்தான். கூடு முழுவதையும் வளர்க்கப் பேராசைப்படாதீர்கள்.

கும்பிடுபூச்சி வளர்வதைப் பார்ப்பது தனிச் சுகம். நீங்கள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கண்ணுக்குள் ஒரு கரும்புள்ளி உங்களையே பார்ப்பதுபோல் கூடவே நகரும். உண்மையில் அங்கே புள்ளி எதுவும் இல்லை. கூட்டுக்கண்ணின் அமைப்பு அப்படித் தோற்றம் காட்டுகிறது. இரவானால் கண் முழுவதும் கறுத்துவிடும். காது நெஞ்சுக்கு அடியில், அதுவும் ஒன்றே ஒன்று. பழ ஈயைப் பிடிப்பதை நம் கண்ணால் பின்தொடர முடியாது. ஈ அங்கே இருந்தது, இப்போது முன்காலில் இருக்கிறது, அவ்வளவுதான். தின்று முடித்ததும் முன்கால் முள் ஒவ்வொன்றையும் வாயில் விட்டு நிதானமாகத் துடைக்கும். கைப்பேசியைக் கீழே வைக்காத பிள்ளை இதற்கு முன்னால் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். அதற்காகவே நான் இன்னும் எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் கழுவுவேன்.

இனி, அந்த வாசகர் அசிங்கம் என்று நினைக்கும் கஞ்சி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், அகர் 10 கிராம், பூஞ்சை பிடிக்காமல் இருக்க புரோப்பியானிக் அமிலம் 7.5 மில்லி. மைசூர் பல்கலைக்கழக ஆய்வகம் முதல் நம் ஊர்க் கல்லூரி வரை புழங்கும் அளவு இது. அகர் வேறொன்றும் இல்லை, ஃபலூடாவுக்குப் போடும் சைனா கிராஸ்தான். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் பாசியிலிருந்தும் எடுக்கிறார்கள். வீட்டில் அமிலத்துக்குப் பதில் கொஞ்சம் வினிகர் ஊற்றினால் போதும், ஆனால் பாட்டிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும். ரவையை வெல்லப் பாகில் கட்டி தட்டாமல் கிளறி, கொதித்ததும் இறக்கி, சுடுதண்ணீரில் அலசிய பாட்டிலில் ஒரு விரல் உயரத்துக்கு ஊற்ற வேண்டும். அடுப்படியில் கேசரி வாசனைதான் வரும். ஆறியதும் மேலே இரண்டு சிட்டிகை ஈஸ்ட், ஒரு மடித்த காகிதத் துண்டு, வாயில் பஞ்சு அடைப்பு. முடிந்தது. எங்கள் வீட்டில் இதைச் செய்தபோது என் மருமகள் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்துவிட்டு, நெய் இல்லை என்றாள்.

பாட்டிலில் ஈ விட்ட ஒரு நாளில் முட்டை பொரித்துவிடும். நாலைந்து நாள் புழு கஞ்சியை உழுதுகொண்டே இருக்கும். பிறகு ஈரம் பிடிக்காமல் கண்ணாடிச் சுவரிலும் காகிதத்திலும் ஏறி, நின்ற இடத்தில் சுருங்கி, தேன் நிறத்தில் கூடாகும். அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்து ஒரு சாதாரண பூதக்கண்ணாடியில் பாருங்கள். முதலில் உள்ளே ஒன்றும் தெரியாது. பிறகு கண் இரண்டும் சிவப்புப் பொட்டாகத் தெரியும். கடைசி நாளில் மடித்த சிறகு இரண்டும் கறுப்பாகத் தெரியும். நாளைக் காலை வெளியே வரும் என்று அடித்துச் சொல்லலாம். வெளியே வரும் விதம் இன்னும் வேடிக்கை. ஈயின் நெற்றியிலிருந்து ஒரு சின்னப் பை ஊதிப் புடைத்துக் கூட்டின் மூடியை முட்டித் தள்ளும். வேலை முடிந்ததும் அந்தப் பை உள்ளே போய்விடும், வாழ்நாளில் மறுபடி தேவையில்லை. வெளுத்துப்போய், சிறகு கசங்கிப்போய், வயிற்றில் ஒரு கரும்பொட்டோடு அது நடந்து வரும். அந்தப் பொட்டு இருந்தால் பிறந்து சில மணி நேரம்தான் ஆகிறது, இன்னும் ஜோடி சேரவில்லை என்று அர்த்தம். கலப்புச் சோதனைக்கு அப்படிப்பட்ட பெண் ஈக்களைப் பொறுக்கி எடுக்க, மாணவர்கள் வருவதற்கு முன்பே நான் ஆய்வகத்தைத் திறந்து வைப்பேன். கல்யாணத் தரகர் என்று பேராசிரியர் கேலி செய்வார்.

ஆக, முட்டையிலிருந்து ஈ வரை பத்து நாள். இது 25 டிகிரிக் கணக்கு. வடசென்னையில் 25 டிகிரிக்கு எங்கே போவது என்பதுதான் இந்த வேலையில் உள்ள பெரிய தலைவலி. அக்னி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வைத்தால் பாட்டிலே வெந்துவிடும். 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் ஆண் ஈ மலடாக ஆரம்பிக்கும். ஈ பறக்கும், நடக்கும், ஆனால் கஞ்சியில் புழு இருக்காது. பிள்ளைகள் கஞ்சியில்தான் கோளாறு என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவார்கள். எங்கள் ஆய்வகத்தில் ஏசி வருவதற்கு முன்னால் நாங்கள் செய்ததையே இப்போதும் செய்கிறேன். அகலமான மண்தட்டில் ஈர மணல், அதில் பாட்டில்கள், சுற்றி ஈரச் சாக்கு, ஜன்னலோரம் நிழலில். காலையும் மாலையும் சாக்கில் தண்ணீர் தெளித்தால் போதும். தட்டுக்கு அடியில் இன்னொரு தட்டில் தண்ணீர். அது எறும்புக்கு. எறும்பு ஏறினால் ஒரே ராத்திரியில் பாட்டில் காலி.

பறக்கிற ஈயை டப்பாவில் போடும்போது பாதி வெளியே போய்விடுகிறது, வீட்டில் சண்டை வருகிறது என்று பையன்கள் சொல்கிறார்கள். நியாயம். அதற்குத்தான் குறைச்சிறகு ஈ என்று ஒரு வகை இருக்கிறது. சிறகு வெறும் மொட்டையாக இருக்கும், துள்ளும், நடக்கும், பறக்காது. வெளிநாடுகளில் செல்லப்பிராணிக் கடைகளில் இதைக் கோப்பையில் போட்டு விற்கிறார்கள். நம் ஊரில் கல்லூரி ஆய்வகங்களில் இருக்கிறது, ஏனென்றால் பெற்றோரின் குணம் பிள்ளைக்கு எப்படி வருகிறது என்று சொல்லும் மெண்டல் விதியைக் கண்ணால் காட்ட இதைவிட வசதியான ஈ கிடையாது. ஆனால் இரண்டு சங்கடம் உண்டு. ஒன்று, பஞ்சு அடைப்பின் இடுக்கு வழியாகத் தெரு வாழைப்பழ ஈ ஒரே ஒரு ஆண் உள்ளே புகுந்தாலும் போயிற்று. அதற்குப் பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் முழுச் சிறகோடு வரும். மொட்டைச் சிறகு ஒடுங்கிய குணம், அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். இரண்டு, மறுபடியும் நம் வெயில். 30 டிகிரியை ஒட்டிய சூட்டில் வளர்ந்தால் அதே ஈக்குச் சிறகு நீளமாக முளைக்கும். மரபணு மாறாது, வெக்கைதான் காரணம். கோடையில் பாட்டிலைப் பார்த்துவிட்டு யாரோ ஏமாற்றி வேறு ஈயைக் கொடுத்துவிட்டார்கள் என்று எங்களிடம் சண்டைக்கு வந்த மாணவர்கள் உண்டு.

இப்போது வீட்டு ஈக்கு வருகிறேன். அந்த வாசகர் சொன்னதில் சரியான பாதி இங்கேதான் இருக்கிறது. கும்பிடுபூச்சி நாலைந்து முறை தோல் உரித்த பிறகு பழ ஈ அதற்குக் கொறிக்கத்தான் ஆகும். பெரிய ஈ வேண்டும். அதற்குப் பையன்கள் சிலர் கவரை எடுத்துக்கொண்டு காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விடுகிறார்கள். என் பேத்தியின் கூட்டாளிகள் இரண்டு பேர் ஏலம் முடிந்த நேரத்தில் அங்கே வலை வீசிக்கொண்டிருந்தபோது, மீன் விற்கும் அம்மா ஒருவர், "ஈயா புடிக்கிறீங்கோ? மொத்தத்தையும் புடிச்சினு போங்கடா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றாராம். புண்ணியம் இருக்கட்டும். மீன் கழிவில் உட்கார்ந்த ஈ எதையெல்லாம் சுமந்து வரும் என்று யாருக்குத் தெரியும்? வழியில் மருந்து பட்டிருந்தால் பூச்சியும் சாகும். காசிமேட்டு ஈயை உயிரோடு வீட்டுக்குள் கொண்டுவருவதை நானும் எதிர்க்கிறேன்.

வளர்த்துத் தின்னக் கொடுப்பதுதான் சுத்தம். மாட்டுத்தீவனக் கடையில் கோதுமைத் தவிடு வாங்கி, கொஞ்சம் பால் பவுடர் கலந்து, கையில் பிடித்து அழுத்தினால் இரண்டு சொட்டு தண்ணீர் வரும் பதத்தில் பிசைந்து ஒரு வாளியில் போட வேண்டும். அதற்கு மேல் ஈரம் இருந்தால் புளித்து நாறும். எல்லா நாற்றப் புகாருக்கும் காரணம் இந்தக் கூடுதல் தண்ணீர்தான். வாளிக்கு மேலே பழைய கொசுவலைத் துணி, அதில் ஓட்டை போட்டு ஒரு பழைய சாக்ஸைத் தைத்துவிட்டால் அதுதான் வாசல், கையை உள்ளே நுழைத்து எடுக்கலாம், ஈ வெளியே வராது. பெண் ஈ ஒரு தடவைக்கு நூறு முட்டைக்குக் கிட்டத்தட்டப் போடும், வாழ்நாளில் நாலைந்து தடவை. முட்டைக்காக முதலில் பிடித்து வாளியில் விட்ட ஈக்களைப் பூச்சிக்குக் கொடுக்காமல், முட்டை போட்டதும் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, தவிட்டில் பிறந்த தலைமுறையிலிருந்து வளர்க்க வேண்டும். கிருமியே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சாக்கடையையே பார்க்காமல் தவிட்டிலும் பால் பவுடரிலும் பிறந்து வளர்ந்த ஈ அது. நன்றாகத் தின்ற புழு ஈரத்தை விட்டு ஒதுங்கி, ஓரத்தில் போட்டிருக்கும் காய்ந்த உமிக்குள் வந்து அரக்கு நிறக் கூடாகும். சல்லடையில் சலித்தால் கூடு மட்டும் கையில் நிற்கும். கூட்டை ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் சில நாள் பொரிக்காமல் தள்ளிப்போடலாம். வேண்டியபோது பத்துப் பதினைந்தை எடுத்துப் பூச்சியின் டப்பாவிலேயே வைத்துவிட்டால் ஈ அங்கேயே பிறக்கும். அறையில் ஒரு ஈகூடப் பறக்காது. ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டு என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

ஈ வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கும்பிடுபூச்சி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தோல் உரிக்கும். அப்போது அதனால் ஓடவோ சண்டை போடவோ முடியாது. டப்பாவில் சில்வண்டைப் போட்டிருந்தால் அது மெத்தென்று தொங்கும் பூச்சியைக் கடித்துத் தின்றுவிடும். ஈக்குக் கடிக்கும் வாய் இல்லை, அதிகபட்சம் தொந்தரவு செய்யும். நம் தமிழ்நாட்டு முட்புதர்களில் இருக்கும் வயலின் கும்பிடுபூச்சிக்கோ பறக்கும் இரைதான் பிடிக்கும், தரையில் ஊர்வதை ஏறிட்டும் பார்க்காது. காய்ந்த இலைச் சருகுபோல் ஆடிக்கொண்டிருக்கும் அந்தப் பூச்சியை வளர்க்க ஆசைப்பட்டால் ஈ இல்லாமல் கதையில்லை.

இந்தத் தவிட்டு வாளியை மொட்டை மாடியில் மட்டும்தான் வைக்க வேண்டும், அதுவும் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு. நீல ஈ, பச்சை ஈ வளர்க்கவே வேண்டாம். அதற்கு அழுகிய இறைச்சியோ மீனோ வேண்டும். இங்கிலாந்தில் தூண்டில்காரர்களுக்காகப் புழு வளர்க்கும் பண்ணைகள் ஊருக்கு வெளியே இருக்கின்றன, அந்தக் கூடுகளைப் பூச்சி வளர்ப்பவர்களும் வாங்கிக்கொள்கிறார்கள். நம் தெருவில் சுவருக்குச் சுவர் வீடு. அந்த வாசகரின் பக்கத்து வீட்டில் நீல ஈ வளர்த்திருந்தால், நான் அவர் கட்சி. வெளிநாட்டு ஈயையோ பூச்சியையோ தபாலில் வரவழைப்பதும் கூடாது. உயிருள்ள பூச்சியை இறக்குமதி செய்ய அரசு அனுமதி வேண்டும் என்று 2003-ஆம் வருஷத் தாவரத் தடுப்புக்காப்பு ஆணை சொல்கிறது. நம் முருங்கையில் இருப்பதே போதும்.

ஆனால் தெருவில் மொய்க்கும் ஈக்கும் பிள்ளைகளின் பாட்டிலுக்கும் முடிச்சுப் போடுவதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நம் வெயிலில் வீட்டு ஈ முட்டையிலிருந்து சிறகு முளைக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். புழுப் பருவம் நாலைந்து நாள். அதனால்தான் ஈரக் குப்பையை வாரத்துக்கு இரண்டு தடவையாவது அப்புறப்படுத்த வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் புத்தகங்கள் சொல்கின்றன. புழு கூடாவதற்குள் குப்பை போய்விட வேண்டும், அவ்வளவே கணக்கு. எங்கள் தெருவில் வண்டி தினமும் வருகிறது. வண்டி போன பிறகுதான் பாதிப் பேர் பையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போகிறார்கள். பையை மாடு கிழிக்கிறது, மீன் செதிலும் கோழி இறகும் வெளியே கொட்டுகிறது, மாம்பழக் காலமானால் கொட்டையும் தோலும். அங்கே ஒரு நாளில் பிறக்கும் ஈயை என் பேத்தி கல்லூரி முடிக்கும் வரை வளர்த்தாலும் எட்ட முடியாது. கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கைச் சுற்றிக் குடியிருப்பவர்களைக் கேட்டால் ஈ எங்கே பிறக்கிறது என்று சொல்வார்கள். அங்கே பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலை நடக்கிறது, நல்லது. நம் பங்குக்கு வண்டி வரும் நேரத்தில் பையைக் கொடுத்தால் அதுவும் நல்லது.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. கொளத்தூரில் தெருவுக்குத் தெரு அலங்கார மீன் கடை. மீன் குஞ்சுக்காகச் சிமென்ட் தொட்டியில் தண்ணீர்ப்பூச்சி வளர்க்கிறார்கள், சாக்கடைக் கால்வாயில் வாரிய டியூபிஃபெக்ஸ் புழுவைக் கப்பில் அளந்து விற்கிறார்கள். அதை வாங்கிக் கைகழுவாமல் டீ குடிப்பவரையும் பார்த்திருக்கிறேன். அது தொழில் என்பதால் யாரும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதவில்லை. ரவையில் பிறந்த ஈக்கு மட்டும் அதிகாரிகள் வர வேண்டுமா? உயிர்த்தீனி விற்கும் அந்தக் கடைகளில் நான் கேட்டுப் பார்த்தேன், பழ ஈ யாரிடமும் இல்லை. ஒருவர் மட்டும், "ஈக்கெல்லாம் காசு குடுப்பாங்களா சார்?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

அதனால்தான் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். விலங்கியல் துறை உள்ள நம் பகுதிக் கல்லூரிகளில் செய்முறை வகுப்பு முடிந்ததும் மிச்ச ஈ பாட்டில்கள் என்ன ஆகின்றன என்று எனக்குத் தெரியும், நானே செய்திருக்கிறேன். ஈதரில் மயக்கி, சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ கொட்டி, பாட்டிலைக் கழுவிக் கவிழ்ப்போம். தேர்வு முடியும் வாரத்தில் அப்படி அலமாரி அலமாரியாகப் போகும். அதில் சில பாட்டில்களைக் கேட்டு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் கல்லூரிக்கு ஒரு பைசா நட்டமில்லை. அடையாளம் தெரிந்த, சுத்தமான, மொட்டைச் சிறகு ஈ பிள்ளைக்குக் கிடைக்கும். அது கிடைத்தால் காசிமேட்டுக்குக் கவரோடு போக வேண்டியதில்லை, வாழைப்பழத்தை அழுகவிட்டு வீட்டில் திட்டு வாங்கவும் வேண்டியதில்லை. துறைத் தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிகிற விஷயம். உதவியாளர் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: கொடுக்கும்போது பாட்டிலில் ஈயின் வகையையும் கஞ்சி ஊற்றிய தேதியையும் எழுதி ஒட்டுங்கள். பூச்சி வைத்திருக்கும் அறையில் கொசுவர்த்தியும் லிக்விட் மருந்தும் கூடாது என்பதையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். கொசுவுக்குப் போடுவது ஈக்கும் கும்பிடுபூச்சிக்கும் சேர்த்துத்தான். காலையில் எல்லாம் மல்லாந்து கிடக்கும், பிள்ளை ஈ சரியில்லை என்று உங்களைத்தான் குறை சொல்லும்.

அந்த வாசகருக்கும் ஒரு அழைப்பு. தண்டையார்பேட்டைப் பக்கம் வந்தால் என் வீட்டு ஜன்னலோரத்தை ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம். நாற்றம் அடித்தால் அவர் முன்னாலேயே பாட்டில்களைக் கழுவி வைத்துவிடுகிறேன். என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, அவர் கேட்டால் கொடுக்கலாம். கல்லூரிகள் முடிவெடுக்கும் வரை, ஈ வேண்டும் என்று கேட்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் கொடுத்துக்கொண்டுதான் இருப்பேன். காசு வேண்டாம். ஆனால் அவை பழைய கால்லிட்டர் கண்ணாடிப் பாட்டில்கள், இப்போது கிடைப்பதில்லை. கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை